புலம்பெயர்வை வைத்துக் கட்டடம் வடிவமைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: பி.ஆர்க் (கட்டடக்கலை) நான்காம் ஆண்டு மாணவி ஒருவருக்கு இந்த செமஸ்டர் ஸ்டுடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், ‘புலம்பெயர்வு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் ஒரு நினைவகமும் காட்சியகமும் செய்யலாம் என்று முடிவெடுத்து, வலசை போகும் பறவையின் சிறகைக் கூரையாக வைத்து முதல் ரெவ்யூவுக்குப் போயிருக்கிறார். ‘இது வெறும் வடிவம், கான்செப்ட் எங்கே?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது, எந்தக் கட்டடங்களைப் பார்ப்பது என்று கேட்கிறார்.

சிறகு வரைந்ததில் தப்பே இல்லை. இந்தத் தலைப்பைக் கொடுத்தால் முதல் வாரத்தில் பாதிப் பேர் சிறகு வரைவார்கள். மீதிப் பேர் படகு, காலடித் தடம், அம்புக்குறி. பல வருடமாக ஸ்டுடியோ எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் இவை வந்தே தீரும். சொல்லுக்குள்ளேயே ‘பெயர்தல்’ இருப்பதால் கை தானாக நகர்வை வரையப் போய்விடுகிறது. ஆனால் ஊர் விட்டு ஊர் போனவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். நகர்ந்ததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். எங்கே நிறுத்தினார்கள், எத்தனை நாள் உட்கார வைத்தார்கள், யார் பெயர் எழுதினார், பெட்டியை எங்கே வைத்தோம், தண்ணீர் எங்கே பிடித்தோம் என்றுதான் பேச்சு போகும். அவர்கள் காலத்தில் பெரும்பகுதி காத்திருப்பில் கழிந்திருக்கிறது. காத்திருக்க ஒரு இடம் வேண்டும். இடம் என்றால் தரை, நிழல், சுவர், வரிசை, வாசல். நம் வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் பறவையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதில் உண்மையான ஆசை இருப்பது தெரிகிறது. வலசைப் பறவைதான் உங்களைத் தூண்டியது என்றால், அதன் பயணத்தில் கட்டடம் என்ன செய்கிறது என்று பாருங்கள். சிகாகோவில் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்று ஒரு பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. 2023 அக்டோபர் 5 அன்று அந்த ஒரே கட்டடத்தின் கண்ணாடியில் மோதி ஆயிரத்தை நெருங்கும் பறவைகள் இறந்து கிடந்தன. இரவில் கூட்டமாகத் தெற்கே போகும் சின்னப் பறவைகள். வெளிச்சம் அவற்றை இழுத்தது, கண்ணாடி அவற்றின் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் அந்தக் கண்ணாடி முழுக்கப் புள்ளி போட்ட படலம் ஒட்டினார்கள். சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. கூரை சிறகு மாதிரி விரிந்து, அதன் கீழே சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால், எந்தப் பறவையைப் பார்த்து வரைந்தோமோ அதையே அந்தக் கட்டடம் கொல்லும். அதுவும் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்து இறங்கும் கரையில்! இந்த வழியில் போனால் அது தனி புராஜெக்ட், நல்ல புராஜெக்ட். வேடந்தாங்கலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். இருநூறு வருடத்துக்கும் மேலாக அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுட விடாமல் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது. ஏரி, அதில் நிற்கும் மரங்கள், ஊராரின் ஒரு கட்டுப்பாடு, இவ்வளவுதான் அங்கே ‘வடிவமைப்பு’.

சரி, மனிதர்களுக்கு வருவோம்.

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவைக் கட்டாயம் படியுங்கள். 1892 முதல் 1954 வரை சுமார் 1.2 கோடிப் பேர் அந்த வாசல் வழியாக அமெரிக்காவுக்குள் போனார்கள். முதலில் இருந்த மரக் கட்டடம் எரிந்துபோய், இப்போது நிற்பது 1900-ல் திறந்தது. கேஸ் ஸ்டடி ஷீட்டில் அதன் கோபுரங்களையும் வளைவு ஜன்னல்களையும் வரைந்து வருவார்கள். நீங்கள் படிக்கட்டைப் பாருங்கள். கப்பலில் வந்தவர் மூட்டை முடிச்சுகளைக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு மேலே பதிவு மண்டபத்துக்கு ஏற வேண்டும். மருத்துவர்கள் மேலே நின்று அவர் ஏறி வருவதையே கவனித்துக்கொண்டிருப்பார்கள். மூச்சு வாங்குகிறதா, கால் தாங்கித் தாங்கி வைக்கிறாரா, கைப்பிடியைப் பிடிக்கிறாரா? ஆளுக்குச் சில விநாடிகள்தான். சந்தேகம் வந்தால் கோட்டின் மேல் சாக்பீசால் ஓர் எழுத்து: இதயம் என்றால் எச், கால் என்றால் எல், கண் என்றால் இ. ஏறியவர் படி ஏறுவதாகத்தான் நினைத்தார். சோதனை அதற்குள் முடிந்துவிட்டது.

அதே மண்டபத்தின் மறுகோடியில் இறங்கும் படி மூன்று தடமாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் ரயிலுக்கு, ஒரு பக்கம் நியூயார்க் நகரத்துக்குப் போகும் படகுக்கு, நடுவில் இறங்கினால் நிறுத்தி வைக்கும் அறைகளுக்கு. கணவனும் மனைவியும் வேறு வேறு தடத்தில் இறங்க நேர்ந்திருக்கிறது. படிக்கட்டின் அகலம், ஏறும் உயரம், நடுவில் வைத்த ஒரு கம்பி, இவ்வளவுதான் பொருள். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அதில் நடந்திருக்கிறது. இப்போது உங்கள் பிளானை எடுத்து, அதில் வரைந்திருக்கும் படியில் ஏறுகிறவருக்கு என்ன நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அங்கேதான் கான்செப்ட் இல்லை.

அந்த மண்டபத்தின் மேற்கூரையையும் விட்டுவிடாதீர்கள். 1916-ல் பக்கத்துத் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தில் பழைய கூரை சேதமாகி, 1918-ல் புதிதாக ஓட்டு வளைகூரை போட்டார்கள். மெல்லிய சுட்ட ஓடுகளைச் சாந்து வைத்து அடுக்கடுக்காக ஒட்டி வளைவாக்கும் அந்த முறை ஸ்பெயினின் கிழக்குக் கரையில் பரம்பரையாக இருந்தது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ரஃபாயேல் குவாஸ்தாவினோ, 1881-ல் நியூயார்க் போய் இறங்கிய கொத்தனார் மரபுக் கட்டடக் கலைஞர். எல்லிஸ் தீவின் கூரை அவர் மகன் நடத்திய கம்பெனியின் வேலை. 28,000-க்கும் மேற்பட்ட ஓடுகளில், 1980-களில் புதுப்பித்தபோது 17-ஐ மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. குடியேறிகளை எண்ணிய மண்டபத்துக்கு மேலே ஒரு குடியேறியின் கைவேலை. பெயர்ந்து போகிறவர் தன் தொழில் நுணுக்கத்தையும் சுமந்து போகிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் மெட்டீரியல் ஷீட்டுக்கு இது விதை.

நமக்கு உறவான ஒரு இடம் மொரீஷியஸின் போர்ட் லூயியில் இருக்கிறது: அப்ரவாசி காட். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள், நம் ஊர்த் தமிழர்களும் அதில் உண்டு. 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கல் சுவர்கள் சில, ஒரு மருத்துவமனைப் பகுதி, கழிப்பிடங்களின் எச்சம், கடலிலிருந்து ஏறும் 16 படிகள். அந்தப் பதினாறு படிதான் முழு நினைவகமும். அதன் மேல் யாரும் ஒரு கோபுரம் எழுப்பவில்லை என்பதற்காகவே எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை.

ஸ்பெயின் எல்லையில் போர்ட்பூ என்ற சிற்றூரில், 1940-ல் நாஜிகளிடமிருந்து தப்பி மலை தாண்டி வந்து அங்கேயே உயிரை விட்ட சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினுக்கு 1994-ல் சிற்பி டானி கரவான் செய்த நினைவிடம் உண்டு. பாறைக்குள் இறங்கும் ஒரு குறுகலான இரும்புக் குழல், அதற்குள் படிகள், கீழே கடல் சுழித்து அடிக்கிறது. இறங்கிப் போனால் பாதி வழியில் கண்ணாடி தடுக்கும். கடல் தெரியும், போக முடியாது. திரும்பி ஏற வேண்டும். எல்லையில் திருப்பி அனுப்பப்படுவது என்ன என்று உங்கள் கால்முட்டிக்குத் தெரிந்துவிடும். பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் டேனியல் லிபஸ்கிண்ட் செய்த ‘நாடுகடத்தலின் தோட்டமும்’ இதே வகை. சரிவான தரையில் 49 கான்கிரீட் தூண்கள், மரங்களோ தூண்களின் உச்சியில். நடக்கும்போது லேசாகத் தலை சுற்றும். இரண்டிலும் எழுதி விளக்க வேண்டிய தேவையே இல்லை, உடம்பு படித்துக்கொள்ளும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2025-ல் திறந்த ஃபீனிக்ஸ், புலம்பெயர்வுக்கான அருங்காட்சியகம். 1923-ன் துறைமுகக் கிடங்கு ஒன்றின் நடுவிலிருந்து கூரையைத் தாண்டிச் சுழன்று எழும் படிக்கட்டை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிட, பலர் கொடுத்த இரண்டாயிரம் பெட்டிகளை அடுக்கி வைத்த பகுதிதான் மனதில் நிற்கிறது. ஒரு பெட்டியின் அளவு, பிடி, பூட்டு, அதன் மேல் எழுதிய பெயர்: ஒருவர் தன் வீட்டை எவ்வளவு சிறிதாக மடித்தார் என்பதன் அளவு அது.

இப்போது உங்கள் சைட்டுக்கு வருகிறேன். மண்டபத்தை எடுத்தது மிக நல்ல தேர்வு. ஆனால் அந்த இடம் என்ன என்பது உங்கள் ஷீட்டில் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தொற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை சில நாள் நிறுத்தி வைக்க, இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அங்கே இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது லயம்: ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம். அதை மலையகத்தில் இஸ்தோப்பு என்பார்கள். டச்சுக்காரனின் ‘ஸ்டூப்’ சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த சொல். பல லயங்களில் அடுப்பும் அந்த இஸ்தோப்பின் ஒரு மூலைக்கே வந்து சேர்ந்தது. ஒரு பிறவி முழுக்க, சில குடும்பங்களில் நான்கைந்து தலைமுறை, அந்த 120 சதுர அடியில். இதை ஒரு முறை உங்கள் ஸ்டுடியோ தரையில் சாக்பீசால் வரைந்து, ஆறு பேர் உள்ளே நின்று பாருங்கள்.

1964 அக்டோபரில், இந்தத் தோட்டத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது. மனிதர்களை இப்படிப் பங்கு போட்டார்கள். அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு திரும்பி வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாம் மறுபடியும் அவர்களை வரிசையில் நிறுத்தியது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களுக்கும் அதே மண்டபம். போனவர், திரும்பியவர், தப்பி வந்தவர், மூன்று பேரும் ஒரே வாசலில் காத்திருந்த ஊர் இது. இப்படி ஒரு சைட் எளிதில் கிடைக்காது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அந்த முகாமில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரில் ‘நினைவகம்’ கட்டினால், இன்னும் முடியாத ஒன்றை முடிந்துபோன கதையாக்கிவிடுவோம். உங்கள் புரோகிராமிலிருந்து, அதாவது கட்டடத்தில் என்னென்ன வேண்டும் என்ற பட்டியலிலிருந்து, ‘நினைவகம்’ என்ற சொல்லைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு, காத்திருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மனு எழுதித் தர ஒரு மேசையா, பிள்ளைகள் ராத்திரி படிக்க ஒரு கூடமா, வெளியிலிருந்து வரும் சொந்தக்காரரோடு உட்கார்ந்து பேச ஒரு திண்ணையா? அவர்கள்தான் சொல்ல வேண்டும். முகாமுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது; கல்லூரி மூலம் எழுதிக் கேளுங்கள். கிடைத்தாலும் முகங்களைப் படம் எடுக்காதீர்கள். அளவு எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டட சைட் இருக்கும். சில வருடங்களுக்கு முன்னால் சென்னைக்கு வெளியே ஒரு தொழிலாளர் ஷெட்டுக்கு மாணவர்களை அழைத்துப் போனேன். தகரச் சுவர், தகரக் கூரை, பத்துக்குப் பத்து, ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பேர். டேப் பிடித்து எல்லாவற்றையும் அளந்தோம். சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு பை. ஐந்து ஆணி கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. ஒன்று மட்டும் கூரைக்குக் கீழே, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். ஏன் என்று கேட்டோம். ஆறு பேருடைய ஆதார், பாஸ்புக், ஒருவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அந்தப் பையில் இருந்தன. போன மழைக்கு உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் வந்ததாம். அந்த ஆணியின் உயரம் ஏழே கால் அடி. கூட வந்த ஒரு மாணவர் அந்த ஏழே கால் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் வேலை செய்தார்: நனையாத சுவர், அதில் பூட்டு வைத்த மாடங்கள், அதைச் சுற்றிப் படுக்கை, அதற்கு வெளியே வராண்டா. ஜூரியில் யாரும் அவரிடம் கான்செப்ட் எங்கே என்று கேட்கவில்லை.

சட்டத்தையும் படியுங்கள். 1996-ன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சைட்டில் தங்குமிடம், தனிச் சமையலிடம், குளிக்க, துவைக்க, கழிப்பிடம் எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்றது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குக் காப்பகமும் வேண்டும் என்றது. ஒரு நல்ல புரோகிராம் அதிலேயே எழுதி இருக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் செய்த காகிதக் குழாய் வீடு. அங்கே அகதிகளாக வந்து குடியேறியிருந்த வியட்நாம்காரர்கள் பூங்காவில் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் இருந்தார்கள். அரசு தந்த தற்காலிக வீடுகள் தூரத்தில் இருந்தன. வேலை பார்த்த தொழிற்சாலைகளை விட்டு அவ்வளவு தூரம் போக அவர்களால் முடியவில்லை. பான் மணல் நிரப்பிய பீர் கிரேட்டை அடித்தளமாக்கி, காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி, அவர்கள் இருந்த இடத்திலேயே பதினாறு சதுர மீட்டரில் வீடு கொடுத்தார். எல்லோரும் காகிதத்தைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களை இடம் மாற்றாமல் விட்டதுதான் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு முனையும் உண்டு: விட்டுவந்த வீடு. காரைக்குடிப் பக்கம் போய்ச் செட்டிநாட்டு வீடுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் போய் வந்தார்கள். பர்மாத் தேக்கு தூணாக வந்து நின்றது. ஆத்தங்குடியில் உள்ளூர் மணலையும் சிமெண்டையும் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துத் தரைக் கல் செய்தார்கள். இதெல்லாம் எல்லோரும் எழுதுவது. நீங்கள் வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி நடந்து பாருங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, பூட்டோடு. ஆண்கள் கடல் கடந்து இருந்த வருடங்களில் பெண்களும் பெரியவர்களும் நடத்திய வீடு அது. அவ்வளவு பெரிய வளவு நிறைவது கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான். இல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்த வீடு. 1942-ல் பர்மா விழுந்ததும் அந்தப் பணம் நின்றது, பல வீடுகளின் இரண்டாம் கட்டு பூட்டியபடியே கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கட்டிய பூட்டிய வீடு உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். அதன் பிளானையும் வரைந்து பக்கத்தில் வையுங்கள்.

அடுத்த ரெவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்றீர்கள். முதல் வாரம் ஒரே ஒரு ஆள். உங்கள் பாட்டியாக இருக்கலாம், மெஸ்ஸில் வேலை பார்க்கும் அண்ணனாக இருக்கலாம். அவர் கிளம்பியது முதல் இன்று வரை தங்கிய, நின்ற, காத்திருந்த ஒவ்வொரு இடத்தையும் அவர் சொல்லச் சொல்ல பிளானாக வரையுங்கள். அளவு தெரியாவிட்டால் ‘எத்தனை பேர் படுக்கலாம்’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எத்தனை நாள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்; மூன்று நாள் பயணம் ஒரு கோடாகவும் இருபது வருட அறை ஒரு முழு ஷீட்டாகவும் வரும். இரண்டாம் வாரம் அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒன்றை ஒன்றுக்கு ஒன்று அளவில் வரையுங்கள். அதை வைக்க ஓர் இடம் செய்யுங்கள், அட்டையில் வேண்டாம், நிஜப் பலகையில், நிஜ ஆணியில். மூன்றாம் வாரம்தான் மண்டபம்.

மண்டபம் என்றதும் கூரைக்குத் திரும்பி வருகிறேன். உங்கள் சிறகு இரும்புச் சட்டத்தில், மெல்லிய தகட்டில், இரண்டு பக்கமும் தூக்கி நிற்கிறது. அங்கே அடிப்பது இரும்பைத் தின்னும் உப்புக்காற்று. 1914-ன் பாம்பன் ரயில் பாலமே துருவினால் 2022-ல் ரயிலை நிறுத்தும் நிலைக்கு வந்து, 2025-ல் புதுப் பாலம் திறந்தார்கள். புயல் வந்தால் தூக்கி நிற்கும் ஓரத்தைத்தான் முதலில் பிடிக்கும். கூரையைத் தாழ்த்துங்கள். ஓரத்தை வெளியே நீட்டிக் கீழே இறக்குங்கள், ஒருவர் மூட்டையோடு வெயில் படாமல் உட்காரும் ஆழத்துக்கு. மதியம் மூன்று மணிக்கு நிழல் எதுவரை வரும் என்று பாருங்கள், திண்ணை உயரம் பதினெட்டு அங்குலமா பதினாறா என்று உட்கார்ந்து பாருங்கள், மூட்டை எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, ஓரத்திலிருந்து மழை எங்கே விழுகிறது. இந்த ஒரு செக்‌ஷனை அதாவது கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடத்தை, ஒன்றுக்கு இருபது ஸ்கேலில், ஆளோடு வரைந்து முதல் ஷீட்டாக ஒட்டுங்கள். பிளான் அதற்குப் பிறகு வரட்டும்.